இருநூற்று நாற்பது போத்தல் நல்லெண்ணெய்

1

மாசி மாதம் பதினாலாம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது. இணுவிலில் பனி இன்னும் விலகவில்லை. கிணற்றுக் கட்டில் நான் வைத்திருந்த வெப்பமானி இருபத்திரண்டு பாகை காட்டியது. காற்று இல்லை. என் தங்கச்சி பவளம் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்பதை முந்திய மூன்று நாளும் கவனித்து வைத்திருந்தேன். அந்த இடைவெளியில் அவளுடைய குசினிக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் நின்ற நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்து கொஞ்சம் எண்ணெய் களவெடுத்தேன்.

தொழிலில் இதற்கு மாதிரி எடுத்தல் என்று பெயர். அதன் முதல் விதி, பொருளை விற்பவருக்கு நீங்கள் எடுப்பது தெரியக்கூடாது. தெரிந்தால் நல்லதை எடுத்துத் தருவார். இந்த விதியை நான் நோர்வேயில் எத்தனையோ இளம் ஆராய்ச்சியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொந்தத் தங்கச்சியின் குசினி என்று அதை மாற்ற எனக்குத் தோன்றவில்லை.

போத்தலில் புது லேபிள் ஒட்டியிருந்தது. பவளத்தின் ஒரே மகள் கௌரி சண்டிலிப்பாயில் மோட்டாரில் ஓடும் செக்கு ஒன்று வைத்திருக்கிறாள். அவளுக்கு முதல் வெளிநாட்டு ஓடர் கிடைத்திருந்தது. நோர்வேயில் நான் வசிக்கும் பேர்கன் நகரத்தில் தமிழ்க் கடை வைத்திருக்கும் குணம் என்பவர் இருநூற்று நாற்பது போத்தல் கேட்டிருந்தார். எள்ளு வாங்குவதற்குக் கௌரி தன் காப்புகளை அடைவு வைத்திருந்தாள். பெட்டிகள் கட்டி முடிந்து, திங்கட்கிழமை கொழும்புக்குப் போக இருந்தன. குணம் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"டொக்டர் ஒருக்கால் பாத்து ஓம் எண்டு சொல்லட்டும். நான் எடுக்கிறன்."

டொக்டர் என்றது என்னை.

2

நான் வைத்தியன் இல்லை. ஓய்வு பெற்ற இரசாயன ஆராய்ச்சியாளன், வயது எழுபத்து மூன்று. ஊரில் கேட்பவர்கள் நான் மருந்து கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறார்கள். முப்பத்தொரு வருடமாக நான் ஆராய்ந்தது மீன் எண்ணெய் எப்படிப் பழுதாகிறது என்பதை. எந்தச் சூட்டில், எந்த வெளிச்சத்தில், எத்தனையாவது நாளில் அது கெடத் தொடங்குகிறது என்று பார்ப்பது. சுருக்கமாகச் சொன்னால், நல்லதாகத் தெரிகிற ஒன்றைச் சந்தேகிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன்.

முட்டை சமைத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத அப்பாவின் மகன் நான். படிப்பதற்கென்று விசா எடுத்து நோர்வேயின் வடமுனைக்குப் போய், பனிக்குள் ஒரு மீன் தொழிற்சாலையில் முள் பிடுங்கும் வேலை செய்தேன். அங்கே எங்களுக்கு மேற்பார்வை பார்த்த பெண் நான் எது கேட்டாலும் திடுக்கிட்டதுபோல் மூச்சை உள்ளே இழுப்பாள். என்னைக் கண்டு பயப்படுகிறாள் என்று மூன்று கிழமை நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கத்தில் ஓம் சொல்வதே அப்படித்தான். வாயைத் திறப்பதில்லை, மூச்சை இழுத்தால் ஓம்.

ஊரில் நான் எடுத்த பட்டத்தை அங்கீகரிக்க அங்கே சான்றிதழின் மூலப்பிரதி கேட்டார்கள். ஊரிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தேன். இது உண்மையான மூலப்பிரதி என்பதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். ஊர்ப் பல்கலைக்கழகம் ஒரு கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தில் இருந்த கையெழுத்து யாருடையது என்று அடுத்த கேள்வி வந்தது. கடைசியில் முதலாம் வருடத்திலிருந்து திரும்பப் படித்தேன், என்னைவிட எட்டு வயது குறைந்த பிள்ளைகளோடு. மற்றவர்களின் தாள்களில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது அந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆய்வுகூடத்தில் என்னை எடுத்தது மூளைக்காக அல்ல, மூக்குக்காக. எண்ணெயை மணந்து பார்த்துச் சொல்லும் குழு ஒன்று அங்கே இருந்தது. மீன் தின்று வளர்ந்தவர்களுக்குப் பழுதாகும் வாடை மூன்றாம் கிழமையில்தான் பிடிபடும். எனக்கு முதற் கிழமையே தெரிந்துவிடும், ஏனென்றால் மீனில் எந்த வாடையும் எனக்குப் பழகின வாடை இல்லை. பேராசிரியை ஒருவர் ஒளித்து ஒளித்து எனக்குப் பரீட்சை வைத்தார். பழைய எண்ணெயைப் புதுப் போத்தலில் ஊற்றி நீட்டுவார். ஒருதரமும் நான் பிழைவிடவில்லை. அப்படித்தான் கலாநிதிப் பட்டம் வரைக்கும் வந்தேன்.

முதற் கருத்தரங்கில் எண்ணெய் கெட்டுவிட்டது என்று சொல்ல நினைத்து, அவர்கள் மொழியில் எண்ணெய் கெட்டவன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் எங்கள் ஆய்வுகூடத்தில் பழுதான போத்தல்களுக்குக் கெட்டவன் என்றே பெயர். என் பெயரும் அங்கே ஒழுங்காக இருந்ததில்லை. அப்பாவின் பெயரை முன்னுக்குப் போட்டுச் சில கட்டுரைகள், பின்னுக்குப் போட்டுச் சில, முதலெழுத்தோடு மட்டும் சில. கணினியில் தேடினால் பதினேழு கட்டுரை எழுதிய ஒருவரும், பதினைந்து எழுதிய ஒருவரும், ஒன்பது எழுதிய ஒருவரும் வருவார்கள். மூவரும் நான். மூவரையும் சேர்க்கும்படி ஆறு கடிதம் எழுதினேன். நான்தான் அந்த மூவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள்.

இன்னுமொன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலோடு என் மூக்கு போய்விட்டது. கோப்பி மணக்காது, சாம்பிராணி மணக்காது, அடுப்பில் எரிந்து கருகினாலும் தெரியாது. மனைவி இருந்தவரை பால் புளித்துவிட்டதா என்று மணந்து பார்ப்பது அவள் வேலை. போன வருடம் அவளும் போனபின் இது தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒஸ்லோவில் இருக்கும் மகள் ஆரணிக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் காஸ் அடுப்பைக் கழற்றிவிடுவாள், அடுத்ததாக வீட்டை விற்கச் சொல்லுவாள்.

3

ஆகவே மூக்குக்குப் பதிலாக ஊருக்குக் கருவிகளைக் கொண்டுபோனேன். எண்ணெயில் தோய்த்தால் நிறம் மாறும் பரிசோதனைத் தாள்கள், வெப்பமானி, ஒரு சின்ன இலத்திரனியல் தராசு. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி தராசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கம் நிறுக்கவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எண்ணெய் பார்க்க."

"எண்ணெயை மணந்து பார்த்தால் போதாதா?"

அவரிடமிருந்து தராசை வாங்கிப் பெட்டியை மூடினேன். என்னை நம்பாதவர் போலவே பார்த்துக்கொண்டு நின்றார்.

இணுவில் வீட்டில் என்னை முதலில் எரிச்சல்படுத்தியது பவளத்தின் குசினி. அங்கே எதுவும் அதன் பெயரில் இல்லை. நான் எப்போதோ கொண்டுபோய்க் கொடுத்த கோப்பிப் போத்தலில் மல்லி. நோர்வே ஜாம் போத்தலில் உப்பு. ஐஸ்கிறீம் பெட்டியில் பழப்புளி. பால்மா ரின்னில் மிளகாய்த்தூள்.

"வேறை ஆரும் வந்து சமைச்சால் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"வேறை ஆர் அண்ணை வரப்போகினம்? எனக்குத் தெரியும்தானே" என்றாள்.

புதன்கிழமை கௌரியின் செக்கைப் பார்க்கப் போனேன். துப்புரவான இடம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கௌரி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். பின்சுவரோடு பட்டணத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பெயர் எழுதின இரண்டு பிளாஸ்ரிக் கான்கள் கிடந்தன. கறுத்து, எண்ணெய் வழிந்து கிடந்தன. நான் பார்த்ததைக் கண்டதும் அவள் எனக்கும் அதற்கும் இடையில் வந்து நின்றாள்.

"அது கடைக்காரற்ரை, மாமா. இஞ்சாலை வாங்கோ, எள்ளைக் காட்டுறன்."

சாப்பாட்டுக் கடையின் கான் எண்ணெய் ஆலைக்கு ஏன் வரவேண்டும்? வடை பொரித்துக் கழித்த எண்ணெயை வடிகட்டி நல்ல எண்ணெயோடு கலக்கலாம். நிறம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இப்படி ஒன்றை நான் நோர்வேயிலும் பிடித்திருக்கிறேன். புதன் பின்னேரம் முழுதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

4

வெள்ளிக்கிழமை காலை எடுத்த எண்ணெயை என் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சோதித்தேன். மூன்று தாள், மூன்று முறை. மூன்றும் ஒரே நிறம் காட்டின. புதிதாய்ப் பிழிந்த எண்ணெயில் வரக்கூடாத நிறம். திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெய் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த அளவு சரி.

ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் குணத்துக்குப் போன் எடுத்தேன். பேர்கனில் அப்போது விடியற்காலை. குணம் அரியாலையைச் சேர்ந்தவர், கடை திறக்கும் நேரம்வரை நித்திரை கொள்ளாத மனிதர்.

"குணம், அந்த எண்ணெய் விசயம். கொஞ்சம் பொறுங்கோ."

"என்ன டொக்டர், சரியில்லையோ?"

"நான் சரியில்லை எண்டு சொல்லேல்லை. பொறுங்கோ எண்டு சொல்லுறன்."

"நீங்கள் வாழ்க்கையிலை ஒண்டையும் நல்லதெண்டு சொன்னதில்லை. பொறுங்கோ எண்டு நீங்கள் சொன்னால் எங்களுக்கு அது வேண்டாம் எண்டதுதான்." சிரித்தார். "சொந்த மருமகளெண்டும் பாக்காமல் சொன்னியளே, அதுக்கு நன்றி."

பேச்சு நாலு நிமிடம்கூட இல்லை. பின்னேரம் கௌரி வந்தாள். மோட்டார்ச் சைக்கிளை நிறுத்திவிட்டு ஹெல்மெற்றைக் கழற்றாமலே படியில் இருந்தாள்.

"மாமா, குணமண்ணை ஓடர் வேண்டாமெண்டு மெசேஜ் போட்டிருக்கிறார். ஒரு காரணமும் சொல்லேல்லை. உங்களை அவருக்கு நல்லாத் தெரியும்தானே, ஒருக்கால் கதைச்சுப் பாப்பியளோ?"

அவளுடைய முகத்தைக் கவனித்தேன். குற்றம் செய்தவள் முகமா என்று. நடிக்கிறாள் என்றால் நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"பாப்பம்" என்றேன்.

கைகளில் காப்பு இல்லாததால் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அதையும் கவனித்தேன், ஆனால் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

5

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பவளம் முற்றத்தில் ஒரு வாங்கைப் போட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, வாங்கோ, எண்ணெய் வைக்கிறதுக்கு. அண்ணி போனாப்பிறகு உந்தத் தலை எண்ணெய் கண்டிருக்காது. உதிலை இருங்கோ."

அவள் கையில் அதே போத்தல். அதே லேபிள்.

"வேண்டாம். உந்த எண்ணெய் சரியில்லை."

"கௌரியின்ரை எண்ணெய்க்கு என்ன குறை?"

இனி மறைக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தேன். "சோதிச்சுப் பாத்தனான். கனதரம் சூடாக்கின எண்ணெய் பவளம். உன்ரை மகள் என்ன செய்யிறாள் எண்டு உனக்குத் தெரியுமோ?"

பவளம் என்னைப் பார்த்தாள். பிறகு போத்தலைப் பார்த்தாள்.

"ஓம், சூடாக்கினதுதான். நான்தான் காய்ச்சினனான். மிளகும் சின்னச்சீரகமும் போட்டு மூண்டு சனி காய்ச்சி எடுத்து வைச்சது. பச்சை எண்ணெயை வைச்சால் உங்களுக்குத் தடிமன் பிடிச்சிடும் எண்டு. ஏன், மணக்கேல்லையே?"

"லேபிள்..." என்று மட்டும் சொன்னேன்.

"வடிவான போத்தல். கௌரி முதல் முதல் லேபிள் ஒட்டித் தந்தது. எண்ணெய் முடிஞ்சிட்டுது எண்டு எறியிறதே?"

"அப்ப சமைக்கிற எண்ணெய்?"

"அது சோடாப் போத்தலிலை, மா வைக்கிற வாளிக்குப் பக்கத்திலை."

உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகித்தேன். கானைச் சந்தேகித்தேன், முகத்தைச் சந்தேகித்தேன். ஜாம் போத்தலில் உப்பு வைத்திருப்பவளின் குசினியில், ஒரு லேபிளை மட்டும் நம்பினேன். பேராசிரியை புதுப் போத்தலில் பழைய எண்ணெய் ஊற்றி நீட்டியபோதெல்லாம் பிழைவிடாதவன், தங்கச்சியிடம் பிழைவிட்டேன். அந்தக் காலத்தில் எனக்கு மூக்கு இருந்தது.

அவள் போத்தலைத் திறந்து என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அண்ணை," என்றாள் மெதுவாக, "உங்களுக்கு ஒண்டும் மணக்கிறேல்லையோ?"

"இல்லை."

"எவ்வளவு காலமா?"

"மூண்டு வருசம்."

"உந்தக் கதையை ஆருக்கும் சொல்லாமல், எண்ணெயைப் பற்றின கதையை மட்டும் ஆருக்கு அண்ணை சொன்னனீங்கள்?"

சொன்னேன். அவள் ஏசவில்லை. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி என் உச்சியில் வைத்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக. முழுகினபிறகு சண்டிலிப்பாய்க்குப் போக ஓட்டோவுக்கு அவளே போன் பண்ணினாள். "நான் வரேல்லை. நீங்கள் தனியப் போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

6

கௌரி பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், களவெடுத்ததிலிருந்து.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே, மாமா."

"கேட்டால் நல்லதைக் காட்டுவாய் எண்டு நினைச்சன்."

"நல்லதைத்தானே மாமா வைச்சிருக்கிறன்."

அந்தக் கான்களைப் பற்றியும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் தன்னுடைய கானில்தான் எண்ணெய் வாங்குவாராம். "அழுக்காக் கிடந்துது. வெளிநாட்டிலை இருந்து வந்த ஆள் பாக்கிறியள் எண்டு வெக்கமாப் போச்சு" என்றாள்.

அவளுக்கு முன்னாலேயே குணத்துக்குப் போன் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, என்னுடைய பிழை என்று சொன்னேன். அடைத்து வைத்த ஒரு பெட்டியை உடைத்து அங்கேயே சோதித்தேன், மிகவும் நல்ல எண்ணெய் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு எண்ணெயை இவ்வளவு புகழ்ந்ததில்லை.

குணம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டொக்டர், நேற்று நீங்கள் சொன்னதை நான் நம்பினனான். இண்டைக்குப் பக்கத்திலை ஆர் நிக்கினம்?"

"கௌரி நிக்கிறாள்."

"அதுதான். மருமகள் அழுதிருப்பா. எனக்கு விளங்குது. ஆனால் நான் வேறை இடத்திலை ஓடர் குடுத்திட்டன். இனி உங்கடை முதல் சொல்லைத்தான் நான் எடுப்பன், கோவிக்காதேங்கோ."

கௌரி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் எடுக்கிறன்" என்றேன். "எல்லாப் பெட்டியையும்."

"தானம் வேண்டாம், மாமா."

"தானமில்லை. விலைக்கு."

அவள் யோசித்தாள். "விலைக்கெண்டால் குணமண்ணைக்குச் சொன்ன விலை இல்லை. அது கடைக்கு. நீங்கள் தனி ஆள். போத்தல் ஆயிரத்து நானூற்றைம்பது."

"சரி."

"பிறகு குறைக்கச் சொல்லிக் கேக்கப்படாது."

"கேக்கமாட்டன்."

"காசு திங்கட்கிழமை பின்னேரத்துக்குள்ளை. செவ்வாய்க்கிழமை காப்பை மீட்கவேணும்."

அவளுடைய குரலில் அப்போதுதான் கோபத்தைக் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

7

பேர்கனில் மழை. இங்கே மழை என்பது செய்தி இல்லை, பெய்யாவிட்டால்தான் செய்தி. காலையில் குடையோடு நடை, பத்து மணிக்குக் கோப்பி, பிறகு தபால் பெட்டியைப் பார்ப்பது. எண்ணெய் கப்பலில் வந்து சேர்ந்ததும் தபால் பெட்டிக்குச் சுங்கத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. தனி மனிதர் ஒருவர் இருநூற்று நாற்பது போத்தல் எண்ணெயைச் சொந்தப் பாவனைக்கு எடுப்பது நம்பத்தக்கதாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். எள்ளு சிலருக்கு ஒவ்வாது என்பதால் அவர்கள் மொழியிலும் லேபிள் வேண்டுமாம். தொலைபேசியில் ஒரு பெண் அதிகாரி கேட்டாள்.

"இவ்வளவையும் நீங்களா சாப்பிடப் போகிறீர்கள்?"

"சாப்பிட மட்டுமல்ல. கிழமைக்கு இரண்டு நாள் தலையில் வைத்துக் குளிப்போம்."

"தலையில்?"

"ஓம். காய்ச்சி."

மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. நம்பினாளா, ஓம் சொன்னாளா, திடுக்கிட்டாளா தெரியாது. பதினொரு நாளில் பெட்டிகள் வீட்டுக்கு வந்துவிட்டன.

குணத்தின் கடையில் இப்போது வேறொரு நல்லெண்ணெய் விற்கிறது. ஒரு போத்தல் வாங்கிவந்து சோதித்தேன். எந்தப் பிழையும் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன கிழமை ஆரணி ஒஸ்லோவிலிருந்து வந்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. தமிழில் தொடங்கி நோர்வே மொழியில் முடிப்பாள், இடையில் எது வரும் என்று அவளுக்கே தெரியாது. காரை விடுவதற்குக் கராஜைத் திறந்தவள் இருபது பெட்டியையும் பார்த்துவிட்டு நின்றாள்.

"அப்பா, நீங்கள் கடை போடப் போறீங்களா?"

சொன்னேன். இந்த முறையும் களவெடுத்ததிலிருந்து தொடங்கினேன். மூக்கின் கதையையும் சேர்த்துச் சொன்னேன், இனி அதை மறைத்து என்ன. காஸ் அடுப்பைப் பற்றி அவள் வாய் திறப்பாள் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"நல்லா இருக்கோ?" என்று கேட்டேன்.

அவள் போத்தலை முகத்துக்குக் கிட்ட வைத்து மூச்சை உள்ளே இழுத்தாள். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அது ஓம் என்றதா, மணந்து பார்த்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

"அம்மாவின்ரை தலை" என்றாள்.

ஒஸ்லோவுக்குப் போகும்போது ஒரு பெட்டியைக் காரில் ஏற்றினாள். காசு தர வந்தாள், நான் வாங்கவில்லை. அடுத்தநாள் அவளும் கௌரியும் தொலைபேசியில் ஏதோ கதைத்திருக்கிறார்கள். என்ன கதைத்தார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்டுப் பார்த்தேன், பதில் ஒத்துவரவில்லை. கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாகக் கணக்கு. கௌரிக்குக் கொடுத்தது மூன்று லட்சத்து நாற்பத்தெண்ணாயிரம். கொழும்புக்கும் கப்பலுக்கும் ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்து ஐந்நூறு. இங்கே வரி, சுங்கக் கட்டணம், புது லேபிள் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து ஐந்நூறு குரோணர், ரூபாயில் ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. சண்டிலிப்பாய்க்குப் போய்வர ஓட்டோவுக்கு எண்ணூறு. வெள்ளிக்கிழமை காலை குணத்தோடு கதைத்த அந்த நாலு நிமிடத்துக்கு ஒரு சதமும் போகவில்லை, வாட்ஸ்அப் இலவசம். கூட்டினால் ஆறு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய்.